தபசு காலத்தில் முடிந்த ராஜா கதை

“…அப்பன்னா நீ கண்ண மூடிக்கடி. மூடிக்கினு அந்தாண்ட திரும்பி உக்காரு. நான் சொல்ற வரைக்கும் தொறக்கக் கூடாது, ஆமா” என்று சொல்லிக்கொண்டே, மடியில் கிடந்த வாரப் பத்திரிகையின் ஏட்டுக்கு அடியில் அவள் சவரப் பிளேடைச் செருகினாள்.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். மூடிய இமைக்குள் பங்குனி வெயில் செக்கச்செவேலென்று நின்றது. இப்போதும் மத்தியான நேரத்தில் சாய்வு நாற்காலியில் கண்ணை மூடினால் முதலில் அந்தச் சிவப்புத்தான் வருகிறது. அப்புறம் புளியின் வாசனை. அதற்குப் பிறகு அச்சு மையின் வாசனை. மூன்றும் சேர்ந்தால் நான் கதை படித்த காலம் மொத்தமும் வந்துவிடும். அந்தச் சிவப்புக்குள் உட்கார்ந்தபடியே சொல்கிறேன், கேளுங்கள்.

அவள் எங்கள் பக்கத்து வீட்டுப் பெண். அவர்கள் வீட்டில் மாரியம்மன், எங்கள் வீட்டில் மாதா. நடுவில் ஒரு கிளுவை வேலி. வேலியில் ஆள் குனிந்து நுழைகிற அளவுக்கு ஒரு சந்து. அவள் அப்பாவும் என் அப்பாவும் ஒருவரை ஒருவர் மச்சான் என்று கூப்பிட்டுக்கொண்டதால் அவளுக்கு என் அம்மா அத்தை, எனக்கு அவள் அம்மா அத்தை. ஆனால் ஊரில் எங்கள் இரண்டு பேருக்கும் வேறொரு பெயர் இருந்தது: பங்காளிகள்.

காரணம் அந்த வாரப் பத்திரிகை. ஒரு வீட்டால் தனியாக வாங்க முடியாது என்பதால் இரண்டு வீடும் பாதிப் பாதி போட்டு வாங்கினோம். “முறைக்கு மச்சினிங்க, பொஸ்தகத்துக்குப் பங்காளிங்க. பாகம் பிரிக்கப் பஞ்சாயத்து எப்பம்மா?” என்று கிணற்றடியில் கேலி செய்வார்கள். எங்கள் பக்கத்தில் பத்திரிகை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். வார இதழ், பஞ்சாங்கம், பைபிள், பள்ளிக்கூடப் பாடம் எல்லாமே பொஸ்தகம்தான்.

அது வந்து சேருவதே ஒரு பெரிய பயணம். மெட்ராஸில் அச்சாகி, ரயிலில் மொரப்பூர் வந்து இறங்கி, பஸ்ஸின் தலையில் ஏறி தர்மபுரி போய், அங்கிருந்து இன்னொரு பஸ்ஸில் காரிமங்கலம் வரவேண்டும். காரிமங்கலத்தில் பஸ் நிற்கிற இடத்தில் ஒரு பெட்டிக்கடைக்காரர் இருந்தார். பஸ்ஸைப் பார்த்து நாங்கள் ஓடி வருவது தெரிந்ததும் தூரத்திலேயே கையை விரிப்பார். “வண்டி வந்துட்டுது, ராஜா வர்ல. குதிரைக்கு லாடம் கட்டிகினு இருக்கறாராம். நாளைக்கு வாங்க” என்பார். அந்த மனிதருக்கு எழுத்து தெரியாது. ஆனால் எந்தக் கதை எந்தப் புத்தகத்தில் வருகிறது, யார் வீட்டுப் பெண் எதைக் கேட்டு வருவாள் என்பதெல்லாம் முகத்தைப் பார்த்தே சொல்வார்.

வருகிற இதழில் சில நேரம் ஏடுகளின் மேல் ஓரம் வெட்டப்படாமல் ஒட்டிக்கொண்டிருக்கும். அதைக் கருக்கு அரிவாளால் மெதுவாகப் பிரிக்கும்போது ஒரு வாசனை வரும் பாருங்கள், மண்ணெண்ணெயும் புதுத் துணியும் மழைக்கு முந்தைய காற்றும் கலந்த மாதிரி. அதை முதலில் முகர்வது யார் என்பதற்கே சண்டை. ஒரு வாரம் அவள், ஒரு வாரம் நான் என்று கடைசியில் வழக்கமாயிற்று.

அதில் இரண்டு தொடர்கதை வந்தது. ஒன்று ராஜா கதை. கோட்டை, குதிரை, சுரங்க வழி, பகைநாட்டில் சிறைப்பட்ட ஒரு ராணி. அது அவளுடையது. இன்னொன்று குடும்பக் கதை. டெலிபோன் ஆபீஸில் வேலைக்குப் போகிற ஒரு பெண்ணும் அவளுடைய மாமியாரும். அது என்னுடையது. படிப்பது இரண்டு பேரும் இரண்டையும்தான். ஆனால் கதை முடிந்த பிறகு ஏடுகளைப் பிரித்து யார் தைத்து வைத்துக்கொள்வது என்பதில் அந்தப் பங்கு. அப்போது எல்லார் வீட்டிலும் புத்தகம் என்றால் அப்படிச் சேர்த்ததுதான். அச்சாகிற கதை மெட்ராஸில் பிறகு தனிப் புத்தகமாக வரும் என்று கேள்விப்பட்டிருக்கிறோம். ஆனால் அதைக் கண்ணால் பார்த்தவர் எங்கள் ஊரில் யாரும் இல்லை.

பங்கு பிரிப்பதில் ஒரு தொல்லை உண்டு. அவள் கதை முடிகிற ஏட்டின் முதுகில் சில வாரம் என் கதை தொடங்கிவிடும். ஒரே தாள், இரண்டு சொந்தக்காரர். அப்போது யாராவது ஒருத்தி விட்டுக்கொடுத்து, அந்தப் பக்கத்தைக் கையால் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். அவள் எழுத்து கோழி கிளறினது மாதிரி இருக்கும் என்பதால் பெரும்பாலும் எழுதுவது நான்தான்.

நான் ஐந்தாவதோடு நின்றவள். எனக்கு வேகமாக வாசிக்கக் கற்றுக்கொடுத்தது கோயில்தான். மாதா பிரார்த்தனையை முன்னால் நின்று நான் வாசிக்க, எல்லாரும் பின்னால் பதில் சொல்வார்கள். அதனால் எதை வாசித்தாலும் அந்த ராகம் வந்துவிடும். அவளுக்கு வந்தது கூத்து. அவள் மாமா ஒருவர் கூத்தில் வேஷம் கட்டுகிறவர். ராஜா பேசுகிற இடம் வந்தால் தொடையில் ஒரு தட்டு தட்டி, குரலை உயர்த்திவிடுவாள்.

இந்த இரண்டு ராகத்துக்கும் மேடை, அவர்கள் வீட்டுக் களம். மாசி, பங்குனியில் அங்கே புளி வந்து குவியும். சுற்றுவட்டாரத்துப் பெண்கள் வந்து உட்கார்ந்து, ஓட்டைத் தட்டி, நாரை உரித்து, கொட்டை எடுத்துக் கூடையில் போடுவார்கள். அங்கே ஒரு வழக்கம் இருந்தது. புத்தகம் படித்துக் காட்டுகிறவள் புளி தட்ட வேண்டாம். அவள் பங்குக்கு ஆளுக்குக் கொஞ்சம் தட்டிப் போட்டுவிடுவார்கள். “கதை சொல்றவ கை புளிச்சுப்போனா வாயும் புளிச்சுப்போவும்” என்று ஒரு பெரியம்மா சொல்வார். நான் வாசித்தால் என் ராகத்தைக் கேட்டு, ஒவ்வொரு பத்தி முடிவிலும் அந்தப் பெரியம்மாவே கண்ணை உருட்டிக்கொண்டு “எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்” என்று கோயில் பதிலைப் போடுவார். மொத்தக் களமும் சிரிக்கும். புளித்தூசி வெயிலில் பொன்னாக எழும்பி, சிரிப்போடு சேர்ந்து மெதுவாக இறங்கும்.

இப்போது தபசு காலத்துக்கு வருகிறேன். பாஸ்கு என்கிற ஈஸ்டர் பண்டிகைக்கு முந்தைய நாற்பது நாளும் எங்கள் வீட்டில் மாமிசம் கிடையாது, பூ கிடையாது, சினிமா கிடையாது. அதோடு அம்மா ஒன்றைச் சேர்த்திருந்தார்: கதை கிடையாது. விபூதிப் புதன் அன்று நெற்றியில் சாம்பல் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்ததும் அம்மா தகரப்பெட்டியைத் திறந்துவைப்பார். அன்றிலிருந்து வருகிற ஒவ்வொரு இதழையும் அவள் தன் வீட்டில் படித்துவிட்டு வேலிச் சந்து வழியாக நீட்டுவாள். அம்மா முந்தானையில் கையைத் துடைத்து வாங்கி, அட்டைப் படத்தைக்கூட எனக்குக் காட்டாமல் பெட்டியில் போட்டுப் பூட்டிவிடுவார். சாவி அம்மாவின் இடுப்பில். பாஸ்கு அன்று பூசை முடிந்து, கறிச்சோறு முடிந்து, பெட்டி திறக்கும். அன்று முழுக்க நானும் அவளும் புளியமரத்தடியில் படுத்துக்கொண்டு படிப்போம். இத்தனை வாரத்துக் கதையை ஒரே மூச்சில் படித்தால் தலை கிறுகிறுக்கும். மரமும் குதிரையும் ராணியும் மேலே மிதக்கும்.

அதுவரை அவளுக்குத்தான் வேதனை. கதை தெரியும், சொல்லக் கூடாது. எதிரில் வந்தால் வாயை இறுக்கி மூடிக்கொள்வாள். ஆனால் முகம் மூடாதே. ராணி தப்பித்துவிட்டாள் என்றால் மூக்கு மலர்ந்திருக்கும். யாராவது செத்துப்போனால் தண்ணீர்க் குடத்தைத் தொப்பென்று வைப்பாள். “மூஞ்சியையும் முந்தானையால மூடிக்கினு வாடி, எம்பொண்ணு தவசக் கெடுக்காத” என்று அம்மா விரட்டுவார்.

நான் சொல்ல வந்த வருஷம், சேலத்திலிருந்து பிரிந்து தர்மபுரி தனி ஜில்லா ஆகிச் சில வருஷங்கள் கழிந்த சமயம். ராஜா கதை விபூதிப் புதனுக்கு முன்னாலேயே முடிந்துவிடும் என்று நாங்கள் கணக்குப் போட்டிருந்தோம். ‘அடுத்த இதழில் முடியும்’ என்று பத்திரிகையிலேயே போட்டிருந்தார்கள். ஆனால் அடுத்த இதழில் ராணியின் தம்பி என்று புதிதாக ஒருவன் குதிரையில் வந்து இறங்கிவிட்டான். வாசகர்கள் எழுதிக் கேட்டுக்கொண்டதால் கதை இன்னும் சில வாரம் நீளும் என்று கீழே கட்டம் கட்டியிருந்தது. “யார்ரி அந்த வாசகருங்க? கையில கெடச்சா காலை ஒடிக்கணும்” என்று அவள் குதித்தாள். கோபத்துக்குக் காரணம் இருந்தது. அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. முகூர்த்தம் பங்குனியில், பாஸ்குவுக்கு முன்னால்.

மாப்பிள்ளை வீடு ஓசூர் தாண்டி உள்ளே. அவர்கள் சாதிசனம்தான், ஆனால் தலைமுறை தலைமுறையாக அங்கேயே இருந்து, வீட்டுக்குள் பேசுவது கன்னடம். பெண் பார்க்க வந்த மாமியார் அவளிடம் என்னவோ கேட்க, இவள் தலையை ஆட்டிவிட்டாள். ஊட்டா ஆயிற்றா என்று கேட்டிருக்கிறார். சாப்பாடு ஆயிற்றா என்று அர்த்தம். ஆட்டின தலையால் அன்று மத்தியானம் இவளுக்குச் சோறு இல்லாமல் போயிற்று. சிரித்துக்கொண்டேதான் அதை என்னிடம் சொன்னாள். பிறகு சிரிப்பு நின்றது. “அந்த வூட்ல தமிழ்ல ஒரு கிழிஞ்ச தாள் கெடையாதுடி. காலண்டர்கூட கன்னடம். எங்கூட வாய்வுட்டுப் பேச அங்க எதுனா ஒண்ணு வேணும்” என்றாள். அன்று முடிவு செய்தாள், ராஜா கதையை முழுசாகத் தைத்துப் பெட்டியில் வைத்து எடுத்துப்போவது என்று. கல்யாணப் பாவாடையில் மிச்சமான நீலத் துணியை அட்டைக்கு மேலே ஒட்ட எடுத்துவைத்திருந்தாள்.

எனக்கு அந்த வருஷம் தபசு காலம் வேறு மாதிரி. சோளத்தட்டை அறுக்கும்போது அப்பாவின் கண்ணில் ஒரு நுனி குத்திவிட்டது. சேலத்து ஆஸ்பத்திரியில் மருந்து போட்டு, கண்ணைக் கட்டி அனுப்பியிருந்தார்கள். கட்டுப் பிரித்தால்தான் தெரியும் என்றார்கள். அம்மா மாதா படத்துக்கு முன்னால் முழங்காலில் நின்று, “அவுங்க கண்ணு தெரியணும் தாயே. எம்பொண்ணு பாஸ்கு வரைக்கும் கதைன்னு ஒரு எழுத்தக் கண்ணால பாக்க மாட்டா, காதால கேக்க மாட்டா” என்று என் பெயரில் நேர்ந்துகொண்டார். மற்ற வருஷம் என்றால் திருட்டுத்தனமாக ஒரு பக்கம் எட்டிப் பார்த்திருப்பேன். அந்த வருஷம் கையே போகவில்லை.

ஆனால் காதை என்ன செய்வது? களத்தில் புளி குவிந்துவிட்டது. நான் வாசிக்க முடியாது என்பதால் தினமும் அவள்தான்; புது இதழ் வராத நாளில் பழைய ஏடுகளைத் திரும்ப எடுப்பாள். வேலிக்கு இந்தப் பக்கம் கயிற்றுக்கட்டிலில் அப்பா கண் கட்டோடு படுத்திருப்பார். அந்தப் பக்கம் அவள் குரல் கேட்டதும் நான் குடத்தை எடுத்துக்கொண்டு கிணற்றுக்குப் போய்விடுவேன். அந்தத் தபசு காலத்தில் எங்கள் வீட்டில் நிரம்பாத பாத்திரமே கிடையாது. தொட்டி, அண்டா, மாட்டுக்குக் கழுநீர் வைக்கிற பானை எல்லாம் தளும்பி நின்றன. தண்ணீர் ஊற்ற இடமில்லாமல் வேலி ஓரத்து முருங்கைக்கு ஊற்றி, அது தழைத்துப் போயிற்று.

சில நாள் குடத்தோடு திரும்பி வரும்போது அவள் இன்னும் முடித்திருக்க மாட்டாள். கிளுவை இலைக்கு நடுவே என் சேலையின் நிறம் தெரிந்ததும் குரலைத் தாழ்த்திவிடுவாள்.

“என்னாடி, ராணி கழுத்துல கத்திய வெச்சிட்டு நீ குசுகுசுன்ற? சத்தமாப் படி!”

“வேலிக்கு அந்தாண்ட ஒருத்தி தவசு இருக்கறா பெரிம்மா. அவ காதுல வுழுந்தா மாமா கண்ணுக்கு ஆவாது.”

“அப்ப அவள ராயக்கோட்டைக்குத் தண்ணிக்கு அனுப்புங்கடி. எங்களுக்குக் கழுத்து என்னா ஆச்சின்னு தெரியணும்!”

வேலிக்கு இந்தப் பக்கம் கட்டிலில் இருந்து அப்பாவின் குரல் வரும்: “எனக்குந்தான் தெரியணும். நீ கெணத்துக்கே போய்ச் சேரும்மா, தாயி.”

அதுதான் வேடிக்கை. வாழ்நாளில் கதைப் பக்கமே தலைவைக்காத அப்பா, கண்ணைக் கட்டிய பிறகு ராஜா கதைக்கு அடிமையாகிவிட்டார். நேர்ச்சை என் பெயரில்தானே, அவர் காதுக்கு ஒரு தடையும் இல்லை. நேரம் தாழ்ந்தால், “இன்னிக்கு நம்ம மருமவ கொரல் இன்னும் வர்லியே” என்று அம்மாவைக் கேட்பார். நான் சோறு ஊட்டும்போது கட்டுக்குக் கீழே உதடு மட்டும் சிரிக்கும். “பாஸ்குக்கு அப்பறம் உனக்கு நான் சொல்றேன் பாரு. அந்தக் கறுப்புக் குதிரைக்குக் கொள்ளு வெக்காம ஓட்டறான்மா, மடையன். குதிரை எப்பிடி ஆறு தாண்டும்?” என்பார். சத்தியமாகச் சொல்கிறேன், அப்பா சொன்னால் அதில் ராணி இருக்க மாட்டாள், குதிரைத் தீவனம்தான் இருக்கும்.

அவள் கல்யாணத்துக்கு இருந்த நாள் குறையக் குறைய, கதையும் முடிவை நோக்கி வந்தது. கடைசி இதழ், சந்தைக்கு முதல்நாள் சாயங்காலம் வந்தது. புளிக்காரப் பெண்கள் வீடு திரும்பிவிட்டார்கள். களத்தில் தனியாக உட்கார்ந்து, பொழுது சாய்கிற வெளிச்சத்தில் அவள் வாய்க்குள்ளேயே படித்தாள். வேலிக்கு இந்தப் பக்கம் நான் சுள்ளி ஒடித்துக்கொண்டிருந்தேன். முகத்தைப் பார்க்கக் கூடாது என்று முதுகைக் காட்டி நின்றேன்.

கட்டிலில் இருந்து அப்பா கேட்டார். “முடிஞ்சிருச்சா, மருமவளே?”

“முடிஞ்சிருச்சுங்க மாமா.”

“என்னா ஆச்சி?”

“உங்க பொண்ணு இங்க நிக்கறா.”

வழக்கமாக அவள் குரலில் இருக்கிற கூத்து அதில் இல்லை. நல்ல முடிவா கெட்ட முடிவா என்று அந்தக் குரலை வைத்து எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. மேலே கொக்குகள் வரிசையாகப் போயின. எனக்கு மட்டும் அந்த ராணி அன்று இரவும் சிறையில்தான் இருந்தாள்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்துகிறேன். கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தவளுக்குக் காலம் முன்னும் பின்னும் போகத்தானே செய்யும்.

அதற்குப் பிறகு காரிமங்கலத்தில் வாடகைக்குப் புத்தகம் தருகிற கடை வந்தது. மாதம் ஒரு முழுக்கதை என்று கைக்கு அடக்கமான நாவல்கள் பஸ் நிலையத்தில் கொடியில் துணி உலர்த்துவது மாதிரி தொங்கின. பஸ் ஏறும்போது வாங்கி, கிருஷ்ணகிரியில் இறங்குவதற்குள் முடித்துவிடுவார்கள். களத்தில் ரேடியோ வந்து உட்கார்ந்தது. படித்துக் காட்டுகிறவளுக்குப் புளி தட்ட வேண்டாம் என்ற வழக்கம், யாரும் நிறுத்தாமலே நின்றுபோயிற்று. இப்போது என் பேத்தி போனில் படிக்கிறாள். ஏடு புரட்டுகிற சத்தம் வேண்டும் என்றால் அதையும் அந்தப் போனே போடுகிறது. புத்தகம் வேண்டும் என்று அதிலேயே தட்டினால் மறுநாள் ஒரு பையன் வாசலில் வந்து பெயர் சொல்லிக் கூப்பிடுகிறான். நன்றாகத்தான் இருக்கிறது. ராஜா குதிரைக்கு லாடம் கட்டிக்கொண்டிருக்கிறார் என்று சொல்ல மட்டும் ஆள் இல்லை.

தர்மபுரி புத்தகக் கண்காட்சியில் அந்த ராஜா கதையைத் தனிப் புத்தகமாகப் பார்த்தேன். வழுவழுப்பான அட்டை, வெள்ளைத் தாள். வாங்கி வந்து படித்தேன். பிழை இல்லை, கறை இல்லை, ஆனால் படங்களும் இல்லை. வாரத்துக்கு வாரம் நடுவில் நாங்கள் அடித்துக்கொண்ட சண்டை, போட்ட பந்தயம், அந்தப் பெரியம்மாவின் பதில், எதுவும் இல்லை. கரும்பைக் கடித்து மென்று சாறு உறிஞ்சிய வாய்க்கு, தம்ளரில் ஊற்றிக் கொடுத்த மாதிரி இருந்தது. இரண்டும் இனிப்புத்தான்.

வீட்டில் தைத்த புத்தகம் அப்படி அல்ல. அதன் ஒவ்வொரு ஏட்டின் முதுகிலும் வேறு என்னவாவது ஓடும். பாதியில் அறுந்த சிரிப்புத் துணுக்கு, பல்பொடி விளம்பரம், யாரோ ஒருவருடைய வைத்தியக் குறிப்பின் கால்வாசி. ஊரில் ஒரே கதையை யார் யார் தைத்திருந்தாலும் ஒன்றைப் போல ஒன்று இருக்காது. அவள் தைத்து எடுத்துப்போன நீல அட்டைப் புத்தகத்தைப் பல வருஷம் கழித்து அவள் வீட்டில் பார்த்தேன். ஓரமெல்லாம் விரல்பட்டு மெத்தென்று ஆகியிருந்தது. அவள் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்து தெரியாது. படத்தைக் காட்டிக் காட்டிக் கன்னடமும் தமிழும் கலந்து அவள் சொல்ல, அதைக் கேட்டே வளர்ந்தவர்கள். “அம்மா எங்க மூணு பேருக்கும் மூணு முடிவு சொன்னாங்க, அத்தை. பெரியவனுக்கு ராணி செத்துப்போனா. எனக்கு ராணி பட்டத்துக்கு வந்தா. சின்னவளுக்கு ராணி சன்யாசம் வாங்கிகினு போயிட்டா” என்று நடுவில் உள்ள மகள் என்னிடம் முறையிட்டாள். தாய்க்காரி அடுப்படியில் நின்றபடி எதுவும் கேட்காதவள் மாதிரி ராகி மாவைக் கிண்டிக்கொண்டிருந்தாள்.

சரி, அந்தச் சந்தை நாள் காலைக்குத் திரும்புகிறேன்.

சந்தைக்கு ஒரு பைண்டிங்காரர் வருவார். பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்து வேப்பமரத்தடியில் ஊசியும் சணல் நூலும் பசைச் சட்டியும் வைத்து உட்கார்ந்திருப்பார். இந்தச் சந்தையில் கொடுத்தால் அடுத்த சந்தையில் தைத்துத் தருவார். அதற்கு மறுநாள் அவளுக்கு முகூர்த்தம். ஆகவே அன்றைக்கே கொடுத்தாக வேண்டும். பழைய ஏடுகளை முன்பே பிரித்து அடுக்கியிருந்தாள். பாக்கி, எங்கள் தகரப்பெட்டியில் இருந்த தபசு காலத்து இதழ்கள். முந்தின நாள் வந்த கடைசி இதழையும் கையோடு கொண்டுவந்திருந்தாள். அம்மா பெட்டியைத் திறந்துவிட்டு, “நீ அந்தாண்ட பாரு” என்று எனக்குச் சொல்லிவிட்டுப் பால் கறக்கப் போனார். வேலிக்கு அப்பால் அவள் அப்பா வண்டி பூட்டிக்கொண்டிருந்தார்.

“நடுவுல வந்த வாரமெல்லாம் மாமா கேட்டுட்டாரு. பாஸ்குக்கு அப்பறம் உனக்கு அவரு சொல்லிருவாரு. இது மட்டுந்தான் அவரும் கேக்கல” என்று கடைசி இதழைத் தொட்டாள்.

“அதுல என் கதை எங்க ஆரம்பிக்குது?”

“என்னுதுக்கு முதுகுல. இந்த வாரம் பாத்து ரெண்டும் ஒரே தாளு” என்றாள்.

முடிவு தெரிகிற தாளும் என் கதை தொடங்குகிற தாளும் ஒன்றாகிவிட்டன. எடுத்துப்போனால் எனக்கு இரண்டும் போயிற்று. எழுதி வைத்துக்கொள்ளலாம் என்றால், எழுதுகிற நான் அதைப் பார்க்கவே கூடாது.

“ஆடிக்கு வருவல்ல, அப்ப தெச்சிக்கடி” என்றேன். சொல்லும்போதே அது சரியில்லை என்று தெரிந்தது.

“ஆடி வரைக்கும் அந்த வூட்ல எதப் பாத்துகினு உக்காந்திருப்பேன்? செவுத்தையா?”

அவள் கிட்டே நகர்ந்து வந்தாள். “நான் மெதுவா உங்காதுல சொல்லிரட்டுமா? ரெண்டே ரெண்டு வார்த்தைதாண்டி. அத்தை பால் கறக்குது.”

உள்ளே அப்பா இருமினார். கட்டுப் பிரிக்கிற நாள் இன்னும் வரவில்லை. அந்த ராணி என்ன ஆனாள் என்று தெரிந்துகொள்ள உடம்பு முழுக்க ஆசை. தலையை மட்டும் இப்படியும் அப்படியும் ஆட்டினேன்.

“சரி, சரி. சொல்லல. அழுவாத. இத நீயே எடுத்துக்கிறியாடி?”

“உன் பொஸ்தகம். நீ எடுத்துகினு போ.”

“மருமவளே, வண்டி பூட்டியாச்சி! ராஜாவ எழுப்பிகினு வரச் சொல்லுங்க உங்க பங்காளிய!” என்று வேலிக்கு அப்பாலிருந்து அவள் அப்பா என்னைக் கூப்பிட்டார்.

அப்போதுதான் அவள் அதைச் சொன்னாள், கண்ணை மூடிக்கொண்டு அந்தாண்ட திரும்பி உட்காரச் சொன்னாள். சொல்லிக்கொண்டே ஏட்டுக்கு அடியில் பிளேடைச் செருகினாள். நான் திரும்பிக்கொண்டேன்.

செக்கச்செவேலென்று வெயில். சர்ரென்று ஒரு ஏடு பிரிகிற சத்தம். இன்னொன்று. குதிரைகள் ஒவ்வொன்றாகக் கோட்டையை விட்டு வெளியே போவது போல இருந்தது. அம்மா பாலைப் பீய்ச்சுகிற சத்தம் அதற்கு நடுவே தாளம் போட்டது. வேலியில் ஒரு தையல் சிட்டு. களத்திலிருந்து புளிவாசனை வந்து, என்னைத் தொட்டு, கடந்து போயிற்று. பிறகு சத்தம் நின்றது. வெகுநேரம் நின்ற மாதிரி இருந்தது. சணல் கயிற்றை இழுத்து முடிச்சுப் போடுகிற சத்தம் கேட்டது.

“தொற.”

கட்டிய ஏடுகள் அவள் இடுப்பில் இருந்தன. கடைசி இதழ் அவள் கையில், முழுசாக, அட்டை கலையாமல் இருந்தது. பிளேடு நுழைந்த இடத்தில் தாளின் ஓரத்தில் நகக்கீறல் அளவு ஒரு வெட்டு, அவ்வளவுதான். அதை விரலால் ஒரு தரம் நீவிவிட்டாள். பெட்டிக்குள் குனிந்து எல்லா இதழுக்கும் அடியில் அதை வைத்தாள். மூடியை அழுத்திப் பூட்டினாள். மாட்டுக்குப் பக்கத்தில் போய் அம்மாவின் இடுப்பில் சாவியைச் செருகிவிட்டு, ஏட்டுக்கட்டை மார்போடு அணைத்துக்கொண்டு, வேலிச் சந்தில் குனிந்து நுழைந்து, வண்டியை நோக்கி ஓடினாள்.